சூடாகப் பரிமாறுக!

இலக்கியக் கட்டுரைகளுக்கென ஒதுக்கப்பெற்ற இப்பகுதியில் ஒரு சமையற் குறிப்பை ஆராய முற்படுவது நேயர்களிற் சிலருக்கு வியப்பாயிருக்கலாம். சிலருக்கு நகைப்பாகவும் இருக்கலாம். காவியத்தையும் நாடகத்தையும் நாவலையும் ஆராய வேண்டிய இடத்தில் அடுப்பங்கரைச் சங்கதி எதற்கு என்று கேட்போரும் உளர். அவர்கட்கு நமது விடை சுருக்கமானது. ஓர் எழுத்தை மதிப்பிடுங்கால், அதை எத்துணைப் பேர் படிக்கின்றனர், படித்தவர் அதன்படி நடக்கின்றனரா, நடந்தபின் அவர் வாழ்வில் யாது விளைகிறது என்னும் மூன்றையும் நோக்குதல் முறை. காதற் கதையைப் படித்தவரெல்லாம் காதலிப்பதில்லை. நீதி நூலைப் படித்தவரெல்லாம் நீதியாய் நடப்பதுமில்லை. சமையற் குறிப்பைப் படித்தவரோ, நறுக்கு என்றால் நறுக்குகின்றார். கிளறு என்றால் கிளறுகின்றார். மனிதர் இவ்வளவு பணிவுடன் கீழ்ப்படியும் உரைநடை வேறொன்று உண்டோ? அத்தகைய எழுத்தை ஆராயாது விட்டுவிடுதல் அறிவுடைமையாகாது.

நாம் எடுத்துக்கொண்டது, ஒரே சட்டியில் சீஸ் சேர்த்துச் செய்யும் மாட்டிறைச்சிப் பாஸ்தா பற்றி ஆங்கிலத்தில் பலரும் பலவாறு எழுதிவரும் குறிப்பாகும். குடும்பத்தார் கூடியுண்ணும் இராவுணவுக்கு ஏற்றது என்ற அடைமொழி அதன் தலைப்பில் தவறாது வரும். பாஸ்தா என்பது மக்கரோனி முதலிய கோதுமைப் பண்டங்கள் அனைத்துக்கும் இத்தாலியர் வழங்கும் பொதுப்பெயர். சீஸ் என்பது பாலைத் திரித்துக் கட்டியாக்கிய பாலாடைக்கட்டி. இவை இரண்டும் இன்று நம் நாட்டுப் பட்டணத்துக் கடைகளில் மட்டுமன்றி, தோட்டத்தை அடுத்த சிறு கடைகளிலும் கிடைக்கின்றன.

மாட்டிறைச்சி என்ற சொல்லைக் கண்ட மாத்திரத்தில் முகஞ்சுளிப்போர் நம்மவருள் உண்டு. விரும்பி உண்பாரும் உண்டு. உண்பவரை இழிந்தவர் என்பதும், உண்ணாதவரை அறிவிலி என்பதும் ஒரே தவற்றின் இரு பக்கங்களே. அதைப்பற்றிப் பின்னர்க் கூறுவோம். முதலில் குறிப்பைக் காண்போம்.

அகன்று ஆழ்ந்த சட்டியொன்றைக் காயவைத்து, கொத்திய மாட்டிறைச்சி 450 கிராம் இட்டுச் சிவக்க வறுக்க வேண்டும். பெரிய வெங்காயம் ஒன்றும் பூண்டு மூன்று பல்லும் நறுக்கிச் சேர்த்து வதக்க வேண்டும். டின்னில் அடைத்த தக்காளி 400 கிராமும், இறைச்சி வேகவைத்த நீரோ வெறும் வெந்நீரோ 600 மில்லிலிட்டரும் ஊற்றி, குட்டையான மக்கரோனி 225 கிராமைப் பச்சையாகவே அதில் கொட்டி, மூடி, மெல்லிய நெருப்பில் 12 முதல் 15 நிமிடம் வரை வேகவிட வேண்டும். இடையிடையே அடிபிடியாமல் கிளற வேண்டும். உப்பும் மிளகும் பார்த்து, துருவிய செடார் சீஸ் 150 கிராமைக் கலக்க வேண்டும். பின்னர் ‘சூடாகப் பரிமாறுக’ என்னும் வாக்கியத்தோடு குறிப்பு முற்றுப்பெறுகிறது. நான்கைந்து பேர் வயிறார உண்ணலாம். கழுவ வேண்டிய சட்டி ஒன்றே.

இதன் நற்குணங்களை முதலில் எடுத்துரைப்பது விமர்சகன் கடமை. முதலாவது, இதன் நடை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு வினை. ஒவ்வொரு வினைக்கும் ஒரு பொருள். வீண் அடைமொழி இல்லை, அலங்காரம் இல்லை. மேடையில் அரைமணி நேரம் முழங்கி ஒரு செய்தியும் கூறாது இறங்கும் நம் சொற்பொழிவாளர் சிலர் இக்குறிப்பைப் பாராயணம் செய்வாராயின் நாட்டுக்கு நலமுண்டாகும்.

இரண்டாவது, அளவு. இவ்வளவு இறைச்சி, இவ்வளவு நீர் என்று எண்ணிட்டுக் கூறும் வழக்கம் தானே வந்ததன்று. ஆங்கிலச் சமையல் நூல்களிலும் முட்டையளவு வெண்ணெய், கைப்பிடி மாவு என்று கூறிய காலம் இருந்தது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரச் சமையற் பள்ளியின் தலைவியாயிருந்த ஃபேனி ஃபார்மர் என்னும் அம்மையார், 1896-ல் வெளியிட்ட நூலில், கிண்ணத்தையும் கரண்டியையும் தலைதட்டி அளக்க வேண்டுமென வற்புறுத்தினார். பதிப்பகத்தார் அந்நூலில் நம்பிக்கை வையாது, முதற் பதிப்பின் 3000 பிரதிகளுக்கும் செலவை அவர் தலையிலேயே கட்டினர். நூல் இலட்சக்கணக்கில் விலைபோயிற்று. பின்னர் 1931-ல் செயிண்ட் லூயிஸ் நகரத்து இர்மா ராம்பவர் என்னும் கைம்பெண், தம் கைப்பொருளைச் செலவிட்டுத் தாமும் 3000 பிரதிகள் அச்சிட்டார். 1936-ல் வெளிவந்த அடுத்த பதிப்பில், பொருட்பட்டியலைத் தலைப்பில் குவியாமல், செய்கை நிகழும் வரிசையிலேயே ஒவ்வொரு பொருளையும் அளவுடன் வைக்கும் புதுமுறையைக் கையாண்டார். இவ்விரு பெண்மணிகளும் செய்தது யாது? கைப்பழக்கத்துள் பூட்டிக் கிடந்த அறிவைத் திறந்து, தாயிடமும் மாமியாரிடமும் கற்க வாய்ப்பற்ற எளியவர் கையிலும் கொடுத்தனர்.

இதனோடு நம் மொழியில் வரும் குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்மின்! ‘தேவையான அளவு’ என்பர். ‘பக்குவம் பார்த்து இறக்குக’ என்பர். தேவையான அளவு எதுவென்று அறிந்தவருக்குக் குறிப்பு எதற்கு? பக்குவம் அறியாதவருக்கு இக்குறிப்பால் பயன் என்ன? அறிந்தவருக்கு மட்டும் விளங்கும் எழுத்து, கதவைத் திறப்பதுபோற் காட்டி உள்ளே தாழிட்டுக் கொள்வதாகும்.

நிற்க. இத்துணை நற்குணம் வாய்ந்த இக்குறிப்பில் குற்றங்கள் மூன்று கண்டோம். அவை நம் வீட்டு அடுப்பில் சோதித்துக் கண்டவையே.

முதற் குற்றம், காரணத்தை மறைத்தல். ஒரு ஞாயிறன்று, தோட்டத்துக் கிராணிமார் குடியிருப்பிலுள்ள நமது இல்லத்தில், மனைவியாரை ஓய்வாயிருக்கச் சொல்லிவிட்டு, குறிப்பில் கண்டபடியே செய்யப் புகுந்தோம். இறைச்சியைக் கழுவி, நீர் வடியாமலே காயாத சட்டியில் மொத்தமாகக் கொட்டினோம். அது சிவக்கவில்லை, சாம்பல் நிறமாகித் தன் நீரிலேயே வெந்தது. நீருள்ளவரை சட்டியின் சூடு 100 பாகைக்குமேல் ஏறாது. இறைச்சி சிவந்து மணம் பெறுவதற்கோ அதனினும் மிக்க சூடு வேண்டும். புரதமும் சர்க்கரையும் சூட்டில் கூடி நிறமும் மணமும் பெறும் இம்மாற்றத்தை பிரெஞ்சு அறிஞர் மயார் 1912-ல் விளக்கினார். நீர் வற்றிச் சட்டி சீறும் வரை கிளறாது விடுக என்று ஒரு சொல் அக்குறிப்பில் இருந்திருப்பின் நாம் பிழைத்திருப்போம்.

இறுதியில் நேர்ந்தது அதனினும் கேடு. நெருப்பைத் தணிக்காமலே சீஸைக் கொட்டிக் கிளறினோம். அது இரப்பர் இழைபோல் நீண்டு திரண்டது; மேலே எண்ணெய் மிதந்தது. பாலின் புரதம் மிகுந்த சூட்டில் இறுகித் தன்னிடமுள்ள கொழுப்பையும் நீரையும் பிழிந்து வெளியேற்றும் என்பதைப் பின்னரே அறிந்தோம். நெருப்பை அணைத்து, கொதி அடங்கியபின், சிறிது சிறிதாகச் சேர்த்தால் அது குழைந்து கலக்கும். அன்றியும், ஒரே சட்டியில் சமைப்பதன் சிறப்பே இங்கேதான் உள்ளது. மக்கரோனியைத் தனியே வேகவைப்பவர் 100 கிராமுக்கு ஒரு லிட்டர் நீர் வைத்து, வெந்தபின் நீரைக் கொட்டிவிடுவர். அந்நீரோடு மாவுச்சத்தும் போய்விடும். ஒரே சட்டியில் வேகும்போது அம்மாவுச்சத்து குழம்பிலேயே தங்கி அதைக் கெட்டியாக்கி, சீஸின் கொழுப்பு பிரிந்து மிதவாமல் தாங்குகிறது. நீர் குறைவாய் வைக்கச் சொல்வதும், கொட்டாதே என்பதும் இதற்காகவே. இது சோம்பேறிக்காக வகுத்த குறுக்குவழியன்று; அறிவுக்கு ஒத்த முறை. ஆனால் குறிப்போ இதில் ஒரு சொல்லும் கூறாது, செய் என்று மட்டும் ஆணையிடுகிறது. காரணம் கூறாத ஆணைக்குக் கீழ்ப்படிந்து பழகிய மனம், அடுப்பங்கரைக்கு வெளியேயும் அப்படியே கீழ்ப்படியும்.

காரணம் கூறாமையால் சுவை மட்டுமன்று, உடல்நலமும் கெடும். முழுத் துண்டு இறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்புறத்தே இருக்கும். கொத்தும்போது அவை உள்ளெங்கும் கலந்துவிடுகின்றன. ஆதலால் கொத்திறைச்சியின் நடுப்பகுதியும் 71 பாகைச் சூட்டை எட்ட வேண்டுமென அமெரிக்க விவசாய இலாகா அறிவுறுத்துகிறது. ‘சிவக்க வறுக்க’ என்பது அழகுக்காக மட்டும் சொன்னதென்று எண்ணி அரைகுறையாய் இறக்குவோர், குழந்தைகளுக்கு நோயை ஊட்டுவோராவர்.

இரண்டாம் குற்றம், காலத்தை மறைத்தல். ‘30 நிமிடத்தில் இராவுணவு’ என்று குறிப்பின் தலையில் பொறித்திருப்பர். நாம் கணக்கெழுதிப் பழகியவராதலின் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தோம். அடுப்பங்கரையில் புகுந்தது முதல் சட்டியை மேசையில் வைத்தது வரை 55 நிமிடம். பின்னர்ச் சட்டி, பலகை, துருவி, கரண்டி இவற்றைக் கழுவியது 10 நிமிடம். வேறுபாடு எங்கிருந்து வந்தது? குறிப்பின் பட்டியலில் ‘நறுக்கிய வெங்காயம்’, ‘உரித்த பூண்டு’, ‘துருவிய சீஸ்’ என்று எழுதியிருக்கிறது. நறுக்கியவர் யார்? உரித்தவர் யார்? அவர் நேரம் யார் கணக்கில்? பால்மரத்தில் கத்தி வைத்த நொடி முதல்தான் வேலை நேரம், விடியற்காலையில் பெரட்டுக்கு வந்து நின்றதும் நிரைக்கு நடந்ததும் கணக்கில்லை என்று ஒரு கிராணி செக்ரோலில் எழுதினால் தொழிலாளர் ஒப்புவரோ? தோட்டத்தில் ஒவ்வாத கணக்கு அடுப்பங்கரையில் மட்டும் எங்ஙனம் ஒக்கும்?

மூன்றாம் குற்றம், ஆளை மறைத்தல். இதுவே மூன்றனுள் பெரிது. ‘வறுக்க’, ‘ஊற்றுக’, ‘பரிமாறுக’ என்னும் வாக்கியங்களுக்கு எழுவாய் இல்லை. சமைப்பவர் முகமற்றவராகின்றார். சமைக்கக் கற்பிப்பவரோ அதனினும் விந்தை. அமெரிக்க வீடுகளில் பல தலைமுறைகளாக ஆசானாய் விளங்கிய பெட்டி கிராக்கர் என்னும் பெண்மணி பிறந்தவருமல்லர், இறந்தவருமல்லர். 1921-ல் ஒரு மாவாலைக் கம்பெனியார், இல்லத்தரசிகள் எழுதிய கடிதங்களுக்கு விடையில் கையொப்பமிடப் புனைந்த பெயரே அது. அப்பெயரின் கீழ் 1971-ல் அமெரிக்கா எங்கும் விற்பனைக்கு வந்தது ‘ஹாம்பர்கர் ஹெல்ப்பர்’ என்னும் பெட்டி. உலர்ந்த மக்கரோனியும் மசாலைப் பொடியும் அடங்கிய அப்பெட்டியை ஒரு பவுண்டு கொத்திறைச்சியுடன் ஒரே சட்டியில் சேர்த்து வேகவைத்தால் குடும்பத்துக்கே உணவாகும். நாம் ஆராயும் பண்டத்தின் நெருங்கிய உறவு அது. இறைச்சி விலை ஏறிய காலத்தில், கொஞ்ச இறைச்சியைக் கொண்டு ஒரு குடும்பத்தின் வயிற்றை நிரப்பியமையால் அது நிலைபெற்றது. அதன் விளம்பரச் சின்னம் யாதெனில், முகம் வரைந்த ஒரு கையுறை! உடலில்லை, சிரிக்கின்ற கை மட்டுமே உண்டு. சமைப்பவரைப் பற்றி அவ்வுலகம் கொண்ட கருத்தை இதனினும் தெளிவாக எவரும் வரைந்துகாட்ட இயலாது.

இவ்விடத்தில் ஒரு சாரார் வேறொரு குற்றம் கூறுவர். இது மெய்யான இத்தாலிய உணவன்று, போலி என்பது அவர் வாதம். பொலோஞா நகரத்து இறைச்சிக் குழம்புக்கு உரிய முறையை இத்தாலியச் சமையற் கழகத்தார் 1982 அக்டோபர் 17-ல் அந்நகர வர்த்தக சபையில் பதிவு செய்தனர் என்பதும், அம்முறைப்படி குழம்பு மணிக்கணக்கில் வேக வேண்டும் என்பதும் உண்மையே. ஆனால் அதே கழகத்தார் 2023-ல் அம்முறையைத் திருத்திப் புதிதாய்ப் பதிந்தனர். 1891-ல் பெல்லெக்ரினோ அர்ட்டூசி என்பார் தம் நூலில் எழுதிய பொலோஞா மக்கரோனியில் தக்காளியே கிடையாது. எனவே தூய்மை என்று எதைச் சொல்வது? காலத்துக்கேற்ப மாறியதை மாறாதது என்று சாதிப்பவர் எல்லா நாட்டிலும் உண்டு போலும். பகலெல்லாம் உழைத்து மாலையில் வீடு திரும்பும் பெண்ணுக்கு மூன்று மணி நேரக் குழம்பு எட்டாது. அவளுக்கெனப் பிறந்ததே ஒரே சட்டிச் சமையல். அதைப் போலி என்று ஒதுக்குதல் உழைப்பாளியின் கஞ்சியைப் பழிப்பதற்கு ஒப்பாகும்.

அர்ட்டூசியைப் பற்றிக் கூறியதால் இன்னொன்றும் கூறல் வேண்டும். அவர் செல்வந்தர், மணமாகாதவர். அவர் நூலிற் கண்ட பண்டங்களை அடுப்பில் வைத்துச் சோதித்தவர்கள், மரியெத்தா சபத்தினி என்னும் பணிப்பெண்ணும் பிரான்செஸ்கோ ருஃபில்லி என்னும் சமையற்காரருமாவர். அர்ட்டூசி ஒரு பண்டத்துக்கு மரியெத்தாவின் பெயரையே சூட்டினார். 1911-ல் அவர் இறந்தபோது, நூலின் வருமான உரிமையை அவ்விருவருக்குமே எழுதி வைத்திருந்தார். கை யாருடையது என்பதை மறவாத எழுத்தாளர் அவர். இல்லாத ஒருத்தியின் கையொப்பத்தில் கோடி கோடியாய் விற்ற பெட்டியையும், இருந்த ஒருத்தியின் பெயரை ஏட்டில் ஏற்றி உரிமையும் தந்த அந்நூலையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் மூன்றாம் குற்றத்தின் பெருமையை உணர்வர்.

இனி, அக்கடைசி வாக்கியத்துக்கு வருவோம். ‘சூடாகப் பரிமாறுக.’ ஆங்கிலக் குறிப்புகளிலும் அதுவே முடிவு. தமிழ்க் குறிப்புகளிலும் அதுவே முடிவு. பார்வைக்கு எவ்வளவு குற்றமற்ற வாக்கியம்! ஆயினும் நாம் அதைப் படிக்குந்தோறும் நம் அன்னையார் முகம் கண்முன் நிற்கிறது.

அவர் பால்மரம் சீவிய தொழிலாளி. இன்று அந்நிரைகளில் செம்பனை நிற்கிறது. அன்று அவை இரப்பர்க் காடு. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து உலை வைத்து, பெரட்டுக்கு ஓடி, மங்குகளில் விழுந்த பாலைச் சேர்த்து, வாளியைச் சுமந்து நிறுத்துவிட்டு, வீடு வந்து மீண்டும் அடுப்பின் முன் அமர்வார். இரவில் முதலில் தந்தையாருக்குப் பரிமாறுவார்; பின்னர் நமக்கு; பின்னர்த் தங்கைக்கு. நாம் கைகழுவி எழுந்து ஆங்கிலப் பாடத்தை உரக்கப் படிக்கத் தொடங்கியபின், அடுப்பின் பக்கத்தில் சட்டியடியில் எஞ்சியதைப் போட்டுக்கொண்டு உட்காருவார். அவர் எந்நாளும் சூடாகப் பரிமாறினார். எந்நாளும் ஆறியதை உண்டார். ஆங்கிலப் பள்ளியில் பயின்று, பிற நாட்டுப் புரட்சிகளின் ஆண்டுகளை மனப்பாடமாய் ஒப்புவித்த நாம், இதை ஒருநாளேனும் கேட்டோமா? கேட்கவில்லை. கண்ணெதிரே இருந்ததைக் காணவுமில்லை.

மேற்கூறிய ஞாயிற்றுக்கிழமையும் அதுவே நிகழ்ந்தது. அன்னையார் மாட்டிறைச்சி உண்பதில்லை. குடும்ப உணவு என்று தலைப்பிட்ட பண்டத்தை நாம் சமைத்தோம். திரண்டு போனாலும் பிள்ளைகள் உண்டனர். அவரோ தனியே சோறும் இரசமும் எடுத்துக்கொண்டு வழக்கம்போல் அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரே சட்டி, ஆனால் இரண்டு பந்தி! தலைப்பில் உள்ள ‘மாடு’ என்னும் சொல்லும் ‘குடும்பம்’ என்னும் சொல்லும் நம் வீட்டில் ஒன்றோடொன்று மோதின. எதை விடுவது? சீர்திருத்தம் பேசும் நண்பரொருவர், அவ்வம்மையாரின் மூடவழக்கத்துக்கு இடங்கொடாதீர் என்றார். நாம் ஒப்பவில்லை. ஒரு மூதாட்டியின் தட்டில் அவர் விரும்பாததை வைப்பது சீர்திருத்தமன்று. அவரை அடுப்பங்கரையிலிருந்து எழுப்பி மேசைக்கு அழைத்து வருவதே சீர்திருத்தம்.

அடுத்த ஞாயிறு அதே அளவில் ஆட்டுக் கொத்திறைச்சியைக் கொண்டு செய்தோம். சட்டியை நன்றாய்க் காயவைத்தோம். இறைச்சியை இருமுறையாய் இட்டுச் சிவக்கவிட்டோம். மக்கரோனி வெந்ததும் நெருப்பை அணைத்து, சிறிது பொறுத்துச் சீஸைக் கலந்தோம். அது பட்டுப்போல் கலந்தது. சட்டியோடு மேசை நடுவில் வைத்தோம். அனைவரும் அமர்ந்தனர், அன்னையார் மட்டும், நீங்கள் உண்ணுங்கள், நான் பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்று கரண்டியை எடுத்துக்கொண்டு நின்றார். அவர் நிற்க, மருமகளும் எழுந்தார். சமைத்த நாமும் பழக்கமின்மையால் நின்றுகொண்டேயிருந்தோம். அப்பொழுது நம் இளைய மகள், பாட்டி, உட்காருங்கள், ஆறினால் கட்டியாகிவிடும் என்று அப்பா சொன்னார் என்றாள்.

குழந்தை கூறியது அறிவுக்கு ஒத்த உண்மை. சோறும் குழம்பும் காத்திருக்கும், இரசம் காத்திருக்கும், மீண்டும் சூடுகாட்டலாம். சீஸ் காத்திருக்காது. பத்து நிமிடத்தில் இறுகிவிடும். மக்கரோனியும் குழம்பை உறிஞ்சி ஊதிவிடும். மறுபடி சூடாக்கினால் எண்ணெய் பிரியும். இப்பண்டத்தைப் பின்னர் உண்பவர் வேறொரு பண்டத்தையே உண்கின்றார். ஆகவே, சமைத்தவரும் பரிமாறியவரும் உடனே அமர்ந்தாலன்றி இப்பண்டம் அவர்க்குக் கிட்டாது. அன்னையார் ஒருகணம் திகைத்து, பின்னர் அமர்ந்தார். அறுபது ஆண்டைக் கடந்த வாழ்வில் தம் மக்களோடு ஒரே நேரத்தில் ஒரே சட்டியிலிருந்து சூடாக அவர் உண்டதை நாம் கண்டது அன்றுதான். உப்பு சற்றுக் குறைவு என்றார். இரண்டாம் முறையும் வாங்கி உண்டார்.

இதற்கு ஒரு மறுப்புக் கூறலாம். பெண்டிர் கடைசியில் உண்பது வீட்டின் குற்றம். அதைச் சமையற் குறிப்பின் மேல் ஏற்றுவது நியாயமா? கேள்வி சரியே. குறிப்பு அக்குற்றத்தைப் படைக்கவில்லை என்பதை ஒப்புகிறோம். ஆனால் உப்பின் அளவைக் கரண்டிக் கணக்கில் கூறும் எழுத்து, நெருப்பின் அளவைக் கூறும் எழுத்து, ‘குடும்பம்’ என்று தலைப்பில் முழங்கும் எழுத்து, குடும்பம் உண்ணத் தொடங்கும் நொடியில் வாயை மூடிக்கொள்வானேன்? பரிமாறுபவர் ஒருவர், உண்பவர் மற்றவர் என்னும் பிரிவினையை அது கேட்காமலே ஏற்றுக்கொள்கிறது. கேட்காமல் ஏற்றதை, கோடிப் பேர் கேட்காமலே கீழ்ப்படிகின்றனர்.

தமிழில் சமையற் குறிப்பு எழுதும் சகோதரிகளையும் சகோதரர்களையும் நாம் வேண்டிக்கொள்வது மூன்று. அளவைக் கூறுங்கள், அதனோடு காரணத்தையும் கூறுங்கள். நேரத்தைக் கூறுங்கால் உரித்ததும் நறுக்கியதும் கழுவியதும் உட்பட முழுக் கணக்கைக் கூறுங்கள். பொருளை நினைப்பதுபோல் ஆளையும் நினையுங்கள். இவை செய்வீராயின் உங்கள் எழுத்து நாவலுக்கும் நாடகத்துக்கும் தாழ்ந்ததன்று என்று நாம் எவர் முன்னும் வாதாடுவோம்.

‘சூடாகப் பரிமாறுக’ என்னும் வாக்கியத்தை நம் வீட்டுக் குறிப்பேட்டில் அடித்துவிட்டோம். அதற்குப் பதிலாக எழுதியிருப்பது இது: அடுப்பை அணைத்துச் சட்டியை மேசை நடுவில் வைக்க, சமைத்தவர் முதலில் அமர்க, அனைவரும் தாமே எடுத்துச் சூடாக உண்க, சட்டியை உண்டவர் கழுவுக.